சம சம்பளம் கேக்கப் போறீங்களா? மொதல்ல ஒரு நோட்டு வாங்குங்க

நாங்க மொத தடவ பேசப்போனப்ப நடந்தத சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதே தப்பத்தான் இப்பவும் பாதி டீம் பண்ணுது. நாங்க பெண்கள் ஃபுட்பால் டீம். ட்ரெயினிங் முடிச்ச வேர்வையோட பதினோரு பேரு ஆபீசுக்குப் போய் நின்னோம். கேப்டன் அக்கா நல்லாத்தான் பேசுனாங்க, "ஆம்பளைங்க டீமுக்கு குடுக்குற மாதிரியே எங்களுக்கும் குடுங்க சார்"னு. அங்க இருந்தவரு கண்ணாடிய கழட்டி மேசைல வெச்சுட்டு ரொம்ப பொறுமையா கேட்டாரு, "அவங்களுக்கு என்னம்மா குடுக்குறோம்?"

எங்க யாருக்கும் தெரியல. மேட்ச் ஃபீஸ் எவ்ளோ, பேட்டா எவ்ளோ, போனஸ் எந்த கணக்குல, ஒண்ணும் தெரியாது. நெறைய குடுக்குறாங்கன்னு மட்டும் தெரியும். அவரு ஃபைல மூடி வெச்சுட்டு "எழுதி குடுங்க, பாக்கலாம்"னாரு, நாங்க படி எறங்கி வந்துட்டோம், வர்ற வழியெல்லாம் ஒருத்தரும் பேசிக்கல. அன்னிக்கு ராத்திரிதான் எங்க ரெண்டாவது கோல்கீப்பர் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிட்டு வந்தா. இந்த பதிவு முழுக்க அந்த நோட்டப் பத்திதான்னு வெச்சுக்கோங்களேன்.

நோட்டுல என்ன எழுதணும்

ஒரு சீசன் முழுக்க, இல்லன்னா கொறஞ்சது 3 மாசம், நடக்குறது எல்லாத்தையும் தேதி போட்டு எழுதணும். எத்தனை நாள் கேம்ப், எத்தனை மேட்ச், எந்த கிரவுண்டு, புல்லா செயற்கை தரையா, எத்தன மணிக்கு கிரவுண்டு குடுத்தாங்க, ஆம்பளைங்க டீம் எப்ப முடிச்சுட்டு போனாங்க, பஸ்சா ட்ரெயினா ஃப்ளைட்டா, ஒரு ரூம்ல எத்தனை பேரு படுத்தோம், பிசியோ வந்தாரா, வந்தவரு உண்மையிலயே பிசியோவா இல்ல கோச்சோட ஃப்ரெண்டா, டாக்டர் இருந்தாரா, ஜெர்சி புதுசா பழசா. இதெல்லாம் சின்ன விஷயம்னு தோணும், ஆனா பேச்சுவார்த்தைல மொதல்ல ஜெயிக்கிறது இந்த சின்ன விஷயம்தான், ஏன்னா சம்பளத்துக்கு அவங்க ஆயிரம் கணக்கு காட்டுவாங்க, ஒரு பிஞ்ச ஜெர்சிய வெச்சு யாரும் கணக்கு காட்ட முடியாது.

அயர்லாந்து பொண்ணுங்க 2017 ஏப்ரல்ல பண்ணது இதுதான். டப்ளின்ல லிபர்ட்டி ஹால்னு தொழிற்சங்க கட்டடம் இருக்கு, அங்க வரிசையா உக்காந்து பத்திரிகைக்காரங்க கிட்ட பேசுனாங்க. அதுல எல்லார் மனசுலயும் நின்னது தொகை இல்ல. ட்ராக் சூட்ட சின்ன வயசு டீமோட பங்கு போட்டுக்கணும், அதனால ஏர்போர்ட் டாய்லெட்ல நின்னு கழட்டி மாத்திட்டு திருப்பி குடுக்கணும், இதத்தான் சொன்னாங்க. நாட்டுக்கு ஆடுறவங்க ஏர்போர்ட் டாய்லெட்ல ட்ரெஸ் மாத்துறாங்கன்னு கேட்டா எவனுக்கும் பதில் வராது. சில நாள்லயே ஒப்பந்தம் ஆச்சு. 2021ல ரெண்டு டீமுக்கும் ஒரே மேட்ச் ஃபீஸ்னு ஆச்சு, அதுக்கு ஆம்பளைங்க டீமே தங்களோடத கொறச்சுக்கிட்டாங்க.

இன்னொண்ணு, வவுச்சர். பேட்டா வாங்கும்போது தொகை எழுதாத வவுச்சர்ல கையெழுத்து கேப்பாங்க, எங்ககிட்டயும் கேட்டாங்க, வரிசைல நிக்கிறோம், பஸ்சுக்கு லேட்டாகுது, மேனேஜர் "சீக்கிரம் போடும்மா"ங்குறாரு, நாங்களும் வருஷக்கணக்கா போட்டுக்கிட்டேதான் இருந்தோம். பின்னாடி அதுல என்ன தொகை எழுதுனாங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும். இனிமே தொகை எழுதாம கையெழுத்து போடாதீங்க, போட்டதும் மொபைல்ல ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. மொத நாள் நான் ஃபோட்டோ எடுத்தப்ப "ஏம்மா, விளையாட வந்தியா கணக்கு பாக்க வந்தியா"ன்னு கேட்டாரு. ரெண்டுக்கும்தான் சார்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. ஆனா ஃபோட்டோ எடுத்துட்டேன்.

சமம்னா எது சமம்? இத முடிவு பண்ணாம போகாதீங்க

இங்கதான் நெறைய பேரு வழுக்கி விழுறாங்க, உலகத்துலயே பெரிய டீம் உட்பட. அமெரிக்க பெண்கள் டீம் 2019 மார்ச் 8, மகளிர் தினத்தன்னிக்கு, 28 பேரு சேந்து அவங்க ஃபெடரேஷன் (நாட்டோட ஃபுட்பால நடத்துற சங்கம்) மேலயே கேஸ் போட்டாங்க. அந்த வருஷமே உலகக் கோப்பையும் ஜெயிச்சாங்க, லியோன்ல ஃபைனல் முடிஞ்சதும் ஸ்டேடியமே "ஈக்வல் பே"ன்னு கத்துச்சு. இவ்வளவுக்கு அப்புறமும் 2020 மே மாசம் நீதிபதி அந்த சம்பள வாதத்த தள்ளிட்டாரு. ஏன்? 2015லேர்ந்து 2019 வரைக்கும் கணக்கு எடுத்தா பெண்களுக்கு ஒரு மேட்சுக்கு சராசரியா 2.2 லட்சம் டாலரும் ஆண்களுக்கு 2.12 லட்சம் டாலரும் வந்துருக்கு, அப்ப பெண்களுக்குத்தான் கூடன்னு ஆயிடுச்சு. ஆனா அந்த டீம் அந்த காலத்துல ரெண்டு உலகக் கோப்பை ஜெயிச்சுது, ஆம்பளைங்க டீம் 2018க்கு தகுதியே பெறல. அதாவது இவங்க ஜெயிச்சு ஜெயிச்சு அந்த தொகைய எட்டுனாங்க, அவங்க தோத்தும் கிட்டத்தட்ட அதே தொகை. மேட்சுக்கு இவ்வளவுங்குற ரேட்டு வேற வேற, மொத்தம் மட்டும் பக்கத்துல பக்கத்துல. போதாக்குறைக்கு ஆம்பளைங்களோட ஒப்பந்தம் மாதிரி ஆடுனாத்தான் காசுங்குற முறைய வேணாம்னு சொல்லிட்டு, நிரந்தர சம்பளம், இன்ஷூரன்ஸ்னு பாதுகாப்பான முறைய இவங்களே முன்னாடி கேட்டு வாங்கியிருந்தாங்க, அதையும் நீதிபதி எடுத்து சொன்னாரு.

நான் இத படிச்சுட்டு ஒரு நாள் முழுக்க எரிச்சலா இருந்தேன். ஆனா எரிச்சல் அடங்குனதும் புரிஞ்சுது, "சம சம்பளம்"ங்குற ரெண்டு வார்த்தைக்குள்ள நாலஞ்சு அர்த்தம் இருக்கு, அதுல எது நமக்கு வேணும்னு நாமளே முடிவு பண்ணலைன்னா எதிர்ல இருக்குறவங்க அவங்களுக்கு தோதான அர்த்தத்த எடுத்துக்குவாங்க.

ஒரே ரேட்டு கேக்கலாம், ஒரு மேட்சுக்கு அவங்களுக்கு எவ்வளவோ அதே எங்களுக்கும்னு. இங்கிலாந்துல 2020 ஜனவரிலேர்ந்து நேஷனல் டீம் மேட்ச் ஃபீஸ் அப்படித்தான், பிரேசில்லயும் அதே வருஷம் செப்டம்பர்ல பேட்டாவும் பரிசும் சமம்னு அறிவிச்சாங்க. இது புரிஞ்சுக்க ஈசி, வாங்கவும் ஓரளவு ஈசி, ஆனா வருஷத்துக்கு உங்களுக்கு 4 மேட்ச்தான் வெக்கிறாங்கன்னா ஒரே ரேட்டு வாங்கி என்ன பண்ண. அதனால ரேட்டோட சேத்து வருஷத்துக்கு கொறஞ்சது இத்தன மேட்சுன்னும் எழுதி வாங்கணும், இத நெறைய பேரு மறந்துடுறாங்க.

பங்கு கேக்கலாம், அதாவது நேஷனல் டீம்களால வர்ற விளம்பர வருமானத்துல இத்தன சதவீதம் பிளேயர்களுக்கு, அத ரெண்டு டீமும் ஒரே அளவுல பிரிச்சுக்கறது. ஆஸ்திரேலியாவுல 2019 நவம்பர்ல போட்ட ஒப்பந்தம் இந்த வகை, வெளிநாட்டு பயணத்துக்கு ஆம்பளைங்க டீம் மாதிரியே பிசினஸ் கிளாசும் அதுல வந்துச்சு. எனக்கு பிடிச்சது இதுதான், வருமானம் ஏறுனா நமக்கும் தானா ஏறும், ஒவ்வொரு தடவையும் போய் கெஞ்ச வேணாம். ஆனா இதுக்கு அவங்க கணக்குப் புத்தகத்த நமக்கு காட்டணும், அதையும் சேத்து எழுதி வாங்கலைன்னா சதவீதம் வெறும் பேப்பர்தான்.

மூணாவதா கேக்கக்கூடியது பரிசுத் தொகை, இதுதான் பெரிய மலை. 2018ல ஆண்கள் உலகக் கோப்பை ஜெயிச்ச ஃபிரான்சுக்கு 3.8 கோடி டாலர், அடுத்த வருஷம் பெண்கள் கோப்பை ஜெயிச்ச அமெரிக்காவுக்கு 40 லட்சம் டாலர். 2022ல ஆண்களுக்கு மொத்த பரிசு 44 கோடி டாலர், 2023ல பெண்களுக்கு 11 கோடி. இது உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபா குடுக்குறது, உங்க ஃபெடரேஷன் நெனச்சாலும் மாத்த முடியாது, அவங்களும் "எங்க கைல இல்லம்மா"ன்னு சொல்லி தப்பிச்சுக்குவாங்க. அதுக்கு ஒரு வழி அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க. 2022 மே மாசம் போட்ட ஒப்பந்தத்துல ரெண்டு டீமும் வாங்குற உலகக் கோப்பை பரிச ஒரே பானைல போட்டு சமமா பிரிச்சுக்கறதுன்னு. அந்த வருஷம் கத்தார்ல ஆம்பளைங்க டீம் நாக்அவுட் மொத சுத்துலயே வெளிய வந்துட்டாங்க, அதுக்கே 1.3 கோடி டாலர், அதுல ஃபெடரேஷன் பங்கு போக மிச்சத்த ரெண்டு டீமும் பாதிப் பாதி எடுத்துக்கிட்டாங்க. பெண்கள் டீமுக்கு ஒரு மேட்ச் கூட ஆடாம வந்த அந்த பங்கு, ரெண்டு உலகக் கோப்பை ஜெயிச்சப்ப அவங்க நாட்டுக்கு ஃபிஃபா குடுத்த மொத்தத்துக்கு கிட்டத்தட்ட வந்துடுச்சு. சிரிக்கறதா அழறதான்னு தெரியல. (அந்த கேஸ் என்னாச்சுன்னா, 2022 பிப்ரவரில 2.4 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. கோர்ட்டுல தோத்தவங்க மேசைல ஜெயிச்சாங்க.)

"வருமானம் வந்தாத்தானம்மா சம்பளம்"

இந்த கேள்வி கண்டிப்பா வரும், பத்து நிமிஷத்துக்குள்ள வரும். கோவப்படாதீங்க, இதுல கொஞ்சம் நெசமும் இருக்கு, இன்னிக்கு நெறைய இடத்துல பெண்கள் மேட்சுக்கு டிக்கெட் கொறச்சலாத்தான் போகுது. ஆனா ஏன் கொறச்சல்னு கேளுங்க. 1920 கிறிஸ்துமஸ் சமயத்துல லிவர்பூல் குடிசன் பார்க்ல டிக் கெர் லேடீஸ் டீம் ஆடுன மேட்சுக்கு 53,000 பேரு வந்தாங்க. அடுத்த வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் என்ன பண்ணுச்சு தெரியுமா, சங்கத்துல இருக்குற எந்த கிளப்பும் பெண்களுக்கு கிரவுண்டு குடுக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு, அது கிட்டத்தட்ட 50 வருஷம் இருந்துச்சு. பிரேசில்ல 1941லேர்ந்து 1979 வரைக்கும் தடை, மேற்கு ஜெர்மனில 1955லேர்ந்து 1970 வரைக்கும். கடைய அம்பது வருஷம் பூட்டி வெச்சுட்டு வியாபாரம் ஆகலையேன்னு கேட்டா எப்படி.

வரலாறு பேசுனா கொட்டாவி விடுவாங்க, அதனால பக்கத்துலயே ஒரு இன்னிக்கு கதையும் வெச்சுக்கோங்க. 2023 உலகக் கோப்பைல இங்கிலாந்து கோல்கீப்பர் மேரி இயர்ப்ஸ்தான் சிறந்த கோல்கீப்பர், அவங்க ஜெர்சி வேணும்னு கடைல கேட்டா இல்ல, ஏன்னா நைக்கி அத விக்கவே இல்ல. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டதுக்கு அப்புறம் கொஞ்சமா விட்டாங்க, விட்ட ஒடனே தீந்துடுச்சு. பார்சிலோனால 2022ல கேம்ப் நோ ஸ்டேடியத்த பெண்களுக்கு தொறந்து விட்டப்ப ரியல் மாட்ரிட் மேட்சுக்கு 91,553 பேரு, அடுத்த மாசம் வோல்ஃப்ஸ்பர்க் மேட்சுக்கு 91,648 பேரு. அப்ப எங்க மேட்ச எந்த கிழமை எத்தன மணிக்கு எந்த கிரவுண்டுல வெச்சீங்க, டிக்கெட் விக்க எத்தன பேரப் போட்டீங்க, ஸ்பான்சர் குடுத்த காசுல எங்க பேரச் சொல்லி வாங்குனது எவ்வளவு, இதத்தான் திருப்பி கேக்கணும். பெண்கள் உலகக் கோப்பைக்கு விளம்பர உரிமைய தனியா விக்க ஆரம்பிச்சதே 2023லதான், அதுவரைக்கும் ஆண்கள் கோப்பையோட கொசுறு மாதிரி சேத்துத்தான் குடுத்தாங்க. கொசுறுக்கு எவன் வெல போடுவான்.

யாரெல்லாம் சேரணும்

ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும்னு சொல்றது எல்லாருக்கும் தெரியும், ஆனா ஊர்ல யார மொதல்ல கூப்புடணும்னு யாரும் சொல்றதில்ல. நான் சொல்றேன், பெஞ்சுல உக்காந்திருக்குறவங்கள கூப்புடுங்க. ஸ்டார் பிளேயர் எப்படியும் தப்பிச்சுக்குவா, அவள டீம்ல வெச்சுத்தான் ஆகணும். பெஞ்சுல இருக்குறவளுக்குத்தான் பயம், அவகிட்டதான் "நீ கையெழுத்து போடாத, உனக்கு அடுத்த மேட்ச்ல சான்ஸ் இருக்கு"ன்னு வந்து நிப்பாங்க. அவ மொதல்ல போட்டுட்டா மத்தவங்க போடுறது பெருசில்ல. எங்க கடுதாசில மொத கையெழுத்து அந்த ரெண்டாவது கோல்கீப்பரோடதுதான், கேப்டன் அக்காவோடது ஒன்பதாவது. வட்டமா கையெழுத்து போடுற ஒரு பழைய முறை இருக்கு, யாரு மொதல்னு தெரியாத மாதிரி, பயமா இருந்தா அப்படியும் போடலாம்.

சின்ன வயசு டீமையும் விடாதீங்க. 2023 ஜூலைல உலகக் கோப்பைக்கு கெளம்புறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி தென்னாப்பிரிக்கா டீம், காசுப் பிரச்சினைக்கும் மோசமான கிரவுண்டுக்கும் எதிர்ப்பு தெரிவிச்சு போட்ஸ்வானா மேட்ச ஆட மாட்டோம்னாங்க. ஃபெடரேஷன் என்ன பண்ணுச்சுன்னா அவசரமா வேற புள்ளைங்கள கூட்டிட்டு வந்து எறக்குச்சு, அதுல 13 வயசுப் பொண்ணு கூட இருந்தா, 5-0ன்னு தோத்தாங்க. கடைசில ஒரு அறக்கட்டளை காசு குடுத்து பிரச்சினைய முடிச்சுது. அதனால அடுத்த வரிசைல இருக்குற புள்ளைங்க கிட்டயும் அவங்க அப்பா அம்மா கிட்டயும் முன்கூட்டியே பேசி வெச்சுடணும், நம்ம எடத்துக்கு கூப்புட்டா என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கிட்டு போகட்டும். அந்த புள்ளைங்க மேல கோவப்படாதீங்க, நாட்டு ஜெர்சி போடலாம்னு கூப்புட்டா 13 வயசுல யாருக்குத்தான் போகத் தோணாது.

தனியா போனா என்ன ஆகும்னு பாக்கணும்னா ஆடா ஹெகர்பெர்க். வருஷத்தோட சிறந்த பிளேயருக்கு குடுக்குற பலோன் தோர் விருத, 2018ல பெண்களுக்குன்னு மொத மொதல்ல குடுத்தப்ப வாங்குனவங்க, நார்வே ஃபெடரேஷன் பெண்கள் ஃபுட்பால நடத்துற விதம் பிடிக்கலன்னு 2017லேர்ந்து 2022 வரைக்கும் நாட்டுக்கு ஆடல. உலகத்துலயே பெஸ்ட் பிளேயர், அவங்களுக்கே 2019 உலகக் கோப்பை போச்சு. ஸ்பெயின்ல 2022 செப்டம்பர்ல 15 பேரு நெலம மாறுற வரைக்கும் எங்கள டீமுக்கு கூப்புடாதீங்கன்னு தனித்தனியா ஒரே மாதிரி மெயில் அனுப்புனாங்க, மன்னிப்பு கேட்டாத்தான் சேத்துக்குவோம்னு ஃபெடரேஷன் பதில் குடுத்துச்சு, அந்த 15ல மூணே பேருதான் 2023 உலகக் கோப்பைக்குப் போனாங்க. மத்தவங்க கோப்பைய டிவிலதான் பாத்தாங்க. ஆனா கோப்பை ஜெயிச்ச அன்னிக்கு மேடைலயே ஃபெடரேஷன் தலைவர் ரூபியாலஸ் ஜென்னி எர்மோசோவுக்கு வலுக்கட்டாயமா முத்தம் குடுத்தாரு பாருங்க, அதுக்கு அப்புறம் 81 பேரு சேந்து ஆட மாட்டோம்னாங்க. 15 பேரா இருந்தப்ப மன்னிப்பு கேளுன்னவங்க, 81 ஆனதும் விடிய விடிய உக்காந்து காலைல 5 மணிக்கு ஒப்பந்தம் போட்டாங்க. அரசாங்கமே நடுவுல வந்து உக்காந்துச்சு.

அப்புறம் ஆம்பளைங்க டீம். எங்களுக்கு இது தோணவே இல்ல, அவங்கள எதிரியாத்தான் பாத்துட்டு இருந்தோம், ஆனா நார்வேல 2017ல சமமா ஆனதே அவங்க தங்களோட விளம்பர காசுல 5.5 லட்சம் குரோனர் விட்டுக் குடுத்ததாலதான், பெண்களோட தொகை 31 லட்சத்துலேர்ந்து 60 லட்சமா ஏறுச்சு. அவங்க கேப்டன தனியா பாத்து ஒரு டீ குடிச்சுட்டே கேளுங்க, மேடைல வெச்சு கேக்காதீங்க. கேக்கும்போதும் "உங்க காச குடுங்க"ன்னு ஆரம்பிக்காம "உங்க காண்ட்ராக்ட்ட ஒரு தடவ பாக்கலாமா"ன்னு ஆரம்பிங்க. எங்களுக்கு அவங்க ரேட்டு கடைசில தெரிஞ்சது அப்படித்தான், அந்த பையன் மொபைல்ல இருந்து ஃபோட்டோவா அனுப்பிட்டான், கேட்டா முன்னாடியே குடுத்திருப்பேனேக்கான்னான். ரெண்டு வருஷமா நாங்கதான் கேக்கல.

எப்ப ஆட்டத்த நிறுத்தறது

இது கடைசி ஆயுதம், ஆனா ஒறைல வெச்சே துருப்பிடிக்க விடவும் கூடாது. கைல எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல பாத்துடுங்க. 2023 பிப்ரவரில கனடா பெண்கள், அதுவும் ஒலிம்பிக் தங்கம் வாங்குன டீம், ஆட மாட்டோம்னு அறிவிச்சாங்க, அடுத்த நாளே ஃபெடரேஷன் இது சட்டப்படி ஸ்ட்ரைக் பண்ற நிலைமைல இல்ல, கேஸ் போடுவோம், நஷ்ட ஈடு கேப்போம்னு மெரட்டுச்சு, வேற வழியில்லாம திரும்ப வந்தாங்க. அங்க ஒப்பந்த பேச்சு எந்த கட்டத்துல இருந்தா ஸ்ட்ரைக் செல்லும்னு விதி இருக்கு, உங்க எடத்துலயும் ஏதாவது இருக்கும், காண்ட்ராக்ட்லயும் ஒரு வரி ஒளிஞ்சிருக்கும். ஆனா திரும்ப வந்தவங்க சும்மா ஆடல, "போதும்"னு எழுதுன ஊதா டீஷர்ட் போட்டுக்கிட்டு எறங்குனாங்க. ஆட்டத்த நிறுத்த முடியலன்னா இப்படி வழி இருக்கு. 2020ல அமெரிக்க டீம் ஜெர்சிய உள்பக்கம் வெளிய திருப்பி போட்டுக்கிட்டு வார்ம்அப் பண்ணாங்க, ஃபெடரேஷன் லோகோ தெரியாது, ஜெயிச்ச நாலு ஸ்டார் மட்டும் தெரியும். கோர்ட்டுல ஃபெடரேஷன் வக்கீலுங்க பெண்களோட வேலைக்கு ஆண்கள் அளவு தெறம வேணாம்னு எழுதிக் குடுத்திருந்தாங்க, அதுக்கு பதில். அடுத்த நாளே ஃபெடரேஷன் தலைவர் ராஜினாமா. 2018ல அர்ஜென்டினா பொண்ணுங்க டீம் ஃபோட்டோவுக்கு கைய காதுல வெச்சுக்கிட்டு நின்னாங்க, நாங்க பேசுறது கேக்குதான்னு. செலவே இல்ல.

நெசமாவே நிறுத்தறதுன்னா என்ன இழக்கப் போறோம்னு எல்லாரும் தெரிஞ்சே நிறுத்தணும். டென்மார்க் டீம் 2017ல யூரோ (ஐரோப்பிய கோப்பை) ஃபைனல் வரைக்கும் போய்ட்டு வந்து, அக்டோபர்ல சுவீடனோட உலகக் கோப்பை தகுதி மேட்ச ஆடல, 3-0ன்னு சுவீடனுக்கு குடுத்துட்டாங்க. ஒப்பந்தம் கெடச்சுது, 2019 உலகக் கோப்பை கெடைக்கல. கெடச்சதா போனதான்னு அந்த டீம்ல இருந்தவங்கதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். நைஜீரியா டீம் வேற மாதிரி பண்ணாங்க, 2016 டிசம்பர்ல ஆப்பிரிக்க கோப்பைய ஜெயிச்சுட்டு வந்து, போனஸ் தர்ற வரைக்கும் ஹோட்டல் ரூம காலி பண்ண மாட்டோம்னு அபுஜால உக்காந்துட்டாங்க, கோப்பையும் அவங்க கிட்டதான் இருந்துச்சு. பார்லிமென்ட் வரைக்கும் ஊர்வலமா நடந்து போனாங்க, காசு வந்துச்சு. ஜெயிச்ச மறுநாள் மாதிரி நல்ல நாள் கெடையாது, எல்லா மந்திரியும் உங்க கூட ஃபோட்டோ எடுக்க வருவாங்க.

ஒப்பந்தத்துல விட்டுடக் கூடாதது

சம்பளத்துலயே கண்ணு இருக்கும்போது இத விட்டுடுவோம். கர்ப்பம். 2021 ஜனவரிலேர்ந்து ஃபிஃபா விதிப்படி கொறஞ்சது 14 வாரம் லீவு, மூணுல ரெண்டு பங்கு சம்பளம். விதி இருந்தா மட்டும் போதுமா, ஐஸ்லாந்து பிளேயர் சாரா ப்யோர்க் குன்னர்ஸ்தோத்திர் கர்ப்பமா இருந்தப்ப அவங்க கிளப் லியோன் முழு சம்பளம் குடுக்கல, ஃபிஃபா தீர்ப்பாயம் வரைக்கும் போய் 82,000 யூரோவுக்கு மேல வாங்குனாங்க. அதனால விதி எண்ணோட காண்ட்ராக்ட்லயே எழுதிடுங்க. முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சா ஆபரேஷன் செலவு யாரு, திரும்ப ஆட வர்ற வரைக்கும் சம்பளம் உண்டா, இது பெண்கள் ஃபுட்பால்ல அடிக்கடி வர்ற காயம், எழுதலைன்னா மாசக்கணக்குல நம்ம காசு. கோச் மேல புகார் குடுத்தா யார்கிட்ட குடுக்கறது, அந்த கோச்சுக்கு கீழ இல்லாத ஒருத்தர் வேணும். கிரவுண்டும் சேரும், 2015ல கனடா உலகக் கோப்பைய முழுக்க செயற்கை தரைல ஆட வெச்சாங்க, ஆண்களுக்கு அப்படி ஒரு கோப்பை வெச்சதே இல்ல, பிளேயருங்க மனித உரிமை தீர்ப்பாயத்துக்குப் போயும் நேரம் பத்தாம வாபஸ் வாங்க வேண்டியதாச்சு. அதான், சீக்கிரம் ஆரம்பிங்க.

காசு எந்த தேதிக்குள்ள யாரு அக்கவுண்டுக்கு வரும்னு எழுதுங்க. 2023 உலகக் கோப்பைல ஆடுற ஒவ்வொருத்தருக்கும் கொறஞ்சது 30,000 டாலர்னு ஃபிஃபா அறிவிச்சுது, கோப்பை தொடங்குறதுக்கு முந்தின நாள் அதோட தலைவர் காசு ஃபெடரேஷன் வழியாத்தான் போகும்னு சொன்னாரு. ஃபெடரேஷன் வழியான்னா என்ன அர்த்தம்னு ஃபுட்பால் ஆடுன எந்த பொண்ணுக்கும் வெளக்க வேணாம்.

மீட்டிங்ல ரெண்டு பேரு மட்டும் பேசுங்க, மூணாவது ஆள் எழுதட்டும், யாரும் அழ வேணாம், அழுகை வந்தா தண்ணி குடிக்க வெளிய போய்ட்டு வாங்க. "பாவம், பொம்பளப் புள்ளைங்க, ஏதாவது பண்ணலாம்"னு யாராவது சொன்னா அந்த "ஏதாவது" என்னன்னு தேதியோட கேளுங்க. முடிஞ்ச அன்னிக்கே பேசுனத மெயில்ல அனுப்பிடுங்க, "இன்னிக்கு நீங்க ஒத்துக்கிட்டது இதெல்லாம், தப்பா இருந்தா சொல்லுங்க"ன்னு.

எங்க ரெண்டாவது மீட்டிங் எட்டு மாசம் கழிச்சு. அதே ரூம், அதே கண்ணாடி. அவரு "அவங்களுக்கு என்னம்மா குடுக்குறோம்"னு இந்த தடவ கேக்கல, நோட்ட நாங்க மேசைல வெச்சதும் எடுத்து பக்கம் பக்கமா புரட்டுனாரு, பாதில ஒரு எடத்துல நின்னுட்டாரு, எந்த பக்கம்னு எட்டிப் பாத்தேன், ஒரே ரூம்ல ஏழு பேரு படுத்தத அந்த பொண்ணு ஒரு படமாவே போட்டு வெச்சிருந்தா, யாரு கட்டில் யாரு தரைன்னு பேரு எழுதி. ரூமுக்கு ரெண்டு பேருங்குறது அன்னிக்கே முடிவாச்சு, பேட்டா ஆம்பளைங்களுக்கு சமமா ஆச்சு, பிசியோ வந்தாங்க. மேட்ச் ஃபீஸ் பாதிதான் வந்துச்சு, மீதி அடுத்த சீசன் பேசலாம்னாங்க.

கையெழுத்தான மொத மாசம் பேட்டா பழைய தொகையே வந்துச்சு. ஒப்பந்தத்தோட மூணாவது பக்கத்த ஃபோட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்புனோம், ஒரு வார்த்தை கூட எழுதல. நாலு நாள்ல மிச்சம் வந்துச்சு, வவுச்சர்ல தொகைய ப்ரிண்ட் பண்ணியே குடுத்தாங்க.